சாகசக்காரி: அன்றாடம் குறித்துச் சில குறிப்புகள்

1

'சாகசக்காரன்' என்றால் யாரென்று எல்லோருக்கும் தெரியும். மலை ஏறியவன், கடல் கடந்தவன், புலியிடம் சிக்கித் தப்பி வந்தவன். சரி, 'சாகசக்காரி' என்றால்? ஊரில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "அவ பெரிய சாகசக்காரிப்பா" என்றால் ஆளை மயக்குகிறவள், நடிக்கிறவள், பசப்பிப் பேசிக் காரியம் சாதித்துக்கொள்கிறவள் என்றுதான் அர்த்தம். சொல் ஒன்றுதான். விகுதி மாறியதும் வீரம் தந்திரமாகிவிடுகிறது. வடமொழி 'ஸாஹஸ'த்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மனு வகுத்த 18 வழக்குத் தலைப்புகளில் அது ஒன்று. அங்கே அதன் பொருள் வன்முறைக் குற்றம். ஆக, வரம்பை மீறிய செயல் என்பதுதான் இந்தச் சொல்லுக்குள் கிடக்கிற பழைய சங்கதி. மீறுகிறவன் ஆணாக இருந்தால் அந்தக் குற்றம் காலப்போக்கில் புகழாகிவிடுகிறது. பெண்ணுக்கு அது இன்னும் குற்றமாகவே நிற்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம், 'அன்றாட வாழ்வில் சாகசத்தைக் கண்டடைவது' என்ற பேச்சு இன்று ஒரு சந்தைச் சரக்காகியிருப்பதுதான். பிரிட்டிஷ் பயணி அலஸ்டேர் ஹம்ஃப்ரீஸ் சைக்கிளில் உலகைச் சுற்றி வந்தவர். அவர் பிரபலப்படுத்திய 'மைக்ரோ அட்வெஞ்சர்' என்கிற கருத்து 2014-ல் புத்தகமாகவும் வந்தது. ரொம்ப எளிமையான யோசனை. சாகசத்துக்கு இமயமலை வேண்டாம், லீவு வேண்டாம், பெரிய பணம் வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்ததா? பக்கத்துக் குன்றில் ஏறி வானத்தைப் பார்த்தபடி தூங்கு, காலையில் இறங்கி ஒன்பது மணிக்கு வேலைக்குப் போ.

இதைக் கிண்டல் செய்துவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். நான் செய்யப் போவதில்லை. சாகசம் பணக்காரர்களின் சொத்தல்ல என்று சொல்கிற அளவில் இதில் ஒரு ஜனநாயகம் இருக்கத்தான் செய்கிறது. என் கேள்வி வேறு. அந்தக் குன்றில் தனியாக ஒரு ராத்திரி தூங்கிவிட்டுக் காலையில் ஊருக்குள் இறங்கி வர யாரால் முடியும்? இறங்கி வந்தபின் யாரை, யார், என்ன கேட்பார்கள்?

2

சாகசம் பற்றிய கோட்பாட்டுப் பேச்சு ஐரோப்பாவில் பழசு. ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் 1911-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாழ்வின் தொடர்ச்சியிலிருந்து கழன்று விழுந்த துண்டுதான் சாகசம் என்பது அவர் நிலைப்பாடு. அதற்கென்று தனியாகத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, கனவைப் போல, கலைப்படைப்பைப் போல. அன்றாடம் என்னும் கடலில் அது ஒரு தீவு. நல்ல உருவகம்தான். ஆனால் அதே கட்டுரையில், காதல் விவகாரம் ஆணுக்குத்தான் சாகசம், பெண்ணுக்கு அது வேறு வகைக்குள் போய்விடும் என்ற ரீதியிலும் பேசுகிறார். தீவுக்குப் போய்விட்டுத் திரும்பி வர ஆணுக்குப் படகு இருக்கிறது. பெண் போனால் திரும்ப ஏற்றுக்கொள்ளக் கரை இருக்காது. ஸிம்மல் இதைச் சமூக ஏற்பாடாகப் பார்த்தாரா, இயல்பாகவே எடுத்துக்கொண்டாரா என்று கேட்டால், இரண்டுக்கும் நடுவில் நழுவுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஸிம்மலைத் தலைகீழாக்கியவர்கள் 1950களின் பாரிசில் இயங்கிய சூழ்நிலைவாதிகள். அன்றாடத்துக்கு வெளியே தீவு தேடாதே, அன்றாடத்தையே கிளர்ச்சிக் களமாக்கு என்றார்கள். அன்றாட வாழ்வு குறித்த விமர்சனத்தை 1947-லேயே தொடங்கி வைத்திருந்த ஆன்ரி லெஃபெவ்ரோடு இவர்களுக்குச் சில காலம் நெருக்கம், பிறகு சண்டை. இவர்களுடைய ஆயுதம் 'தெரீவ்', அதாவது அலைதல். வேலை, காரியம், போய்ச் சேர வேண்டிய இடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நகரம் இழுக்கிற பக்கமெல்லாம் நடப்பது. இதற்கான கோட்பாட்டை 1956-ல் எழுதிய கீ தெபோர், அதில் ஒரு வரைபடத்தைப் பற்றிச் சொல்கிறார். சமூகவியலாளர் ஷோம்பார் த லோவ் 1952-ல் வெளியிட்டது அது. பாரிசின் வசதியான பகுதியில் வாழ்ந்த ஒரு மாணவி ஓராண்டு முழுக்க எங்கெல்லாம் போனாள் என்று கோடு போட்டுக் காட்டுகிறது. பெரும்பாலும் ஒரு சின்ன முக்கோணம். வீடு, கல்லூரி, பியானோ வாத்தியார் வீடு. ஒரு உயிர் இவ்வளவு குறுகலாக வாழ முடியுமா என்று கொதிக்கிறார் தெபோர்.

கொதிப்பு நியாயமானது. ஆனால் அவர் ஒரு கேள்வியைத் தவறவிடுகிறார். அந்த முக்கோணத்தின் கோட்டைத் தாண்டினால் அந்த மாணவிக்கு என்ன ஆகியிருக்கும்?

இதற்குப் பதில் சூழ்நிலைவாதிகளின் பத்திரிகையிலேயே இருக்கிறது. 1958 டிசம்பர் இதழில் அப்தெல்ஹஃபித் கத்திப் என்கிற அல்ஜீரியத் தோழர் பாரிசின் லே ஆல் சந்தைப் பகுதியில் அலைந்து எழுதிய ஆய்வு வெளியானது. முடிக்கப்படாத ஆய்வு. ஏன் முடியவில்லை? அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து வட ஆப்பிரிக்கர்கள் இரவு ஒன்பதரைக்கு மேல் தெருவில் நடமாடக் கூடாது என்று போலீஸ் தடை. கத்திப் இரண்டு தடவை பிடிபட்டு இரண்டு ராத்திரிகள் அடைத்து வைக்கப்பட்டார். பிறகு வேலையைக் கைவிட்டார். அதே நகரம், அதே இரவு, அதே நடை. தெபோருக்கு அலைதல், கத்திப்புக்குக் கைது.

ஆபத்து இருப்பதால் மட்டும் ஒரு செயல் சாகசமாகிவிடாது என்பது இங்கே தெளிவாகிறது. பெரும்பான்மை மக்களின் அன்றாடத்தில் ஆபத்துக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. பாதாளச் சாக்கடைக்குள் இறக்கிவிடப்படும் தொழிலாளியிடம் போய் 'வாழ்க்கையில் கொஞ்சம் சாகசம் வேண்டாமா' என்று கேட்க முடியுமா? இல்லாதது ஆபத்து அல்ல, ஆபத்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமை. திணிக்கப்பட்ட ஆபத்தைச் சகித்துக்கொண்டு கிடப்பதை விட்டு, தானே தேர்ந்த ஒரு ஆபத்துக்குள் கால் வைப்பது. சாகசம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

3

பாரிசிலிருந்து நம்ம ஊர்த் தெருவுக்கு வருவோம். இங்கே ஒன்பதரை மணித் தடையைப் போலீஸ் எழுதி ஒட்ட வேண்டிய அவசியமே இருந்ததில்லை. சேரிக்காரர் ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற எழுதாச் சட்டம் எத்தனை கிராமங்களில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தெருவில் இறங்காமல் மிதித்துப் போனவர் எந்த மலை உச்சிக்கும் போகவில்லை. வேலைக்குத்தான் போனார். அது சாகசமில்லையா?

இதே சைக்கிள்தான் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறொன்றைச் செய்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டர். அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள், முஸ்லிம் பெண்கள் எனப் பலரும் வந்தார்கள். 1992 மார்ச் 8, உலகப் பெண்கள் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் மணியடித்துக்கொண்டு வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

எனக்கு ஊர்வலத்தைவிட முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விவரம். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பிறகு சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். காரணம், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகிற பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். ஸிம்மலின் சாகசக்காரன் அன்றாடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தீவுக்குப் போனான். இவர்கள் குழந்தையையும் குடத்தையும் ஏற்றிக்கொண்டே கோட்டைத் தாண்டினார்கள். வீடு, கிணறு, வயல் என்றிருந்த முக்கோணத்தின் ஒரு பக்கம் பிய்ந்துகொண்டது.

இதை வெறும் பயன்பாட்டுக் கணக்காகச் சுருக்கிவிட ஆட்கள் இருக்கிறார்கள். நேரம் மிச்சம், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், விளைபொருளை நாலு ஊரில் விற்கலாம். எல்லாம் நிஜம். ஆனால் கணக்கு மட்டும்தான் விஷயம் என்றால் ஆண்கள் ஏன் அவ்வளவு கேலி பேச வேண்டும்? தெருவில் நின்று கொச்சையாக ஏன் கத்த வேண்டும்? புருஷனோ அண்ணனோ மிதிக்க, பின்னால் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த உடல், இப்போது முன்னால் இருந்து திசையைத் தீர்மானிக்கிறது. கத்தியவர்களுக்கு அது புரிந்திருந்தது, பொருளாதாரம் பேசியவர்களைவிட நன்றாகவே.

இன்னொரு ஆட்சேபம் நம் பக்கத்திலிருந்தே வரும்: அரசு நடத்திய திட்டம் தோழரே, இதில் கலகம் எங்கே? கலெக்டர் ஆதரவும் வங்கிக் கடனும் இல்லாமல் இது இவ்வளவு பரவியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டது அரசு இல்லை. மறுநாளும் அதே தெருவில், அதே ஆட்கள் முன்னால் சைக்கிளை எடுத்ததும் அரசு இல்லை.

இன்று புதுக்கோட்டையில் ஒரு பெண் சைக்கிளில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2001-க்குப் பிறகு பள்ளி மாணவிகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சாகசம் செத்துவிட்டது என்று சொல்லலாமா? நேர்மாறாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. குன்றில் தூங்குகிறவருக்கு அந்த இரவு அபூர்வமாகவே இருந்தாக வேண்டும். தினம் தூங்கினால் கிளர்ச்சி போய்விடும். விளிம்பில் இருப்பவர்களின் சாகசமோ, தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அது சாகசமாக இல்லாமல் போக வேண்டும் என்பதற்காகவே நடக்கிறது. மகளுக்குச் சைக்கிள் சலித்துப் போனதுதான் அம்மாவின் வெற்றி.

4

முடிந்துவிட்டதா? இல்லை. ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: "எங்க போறே?" வேலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, தண்ணிக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று காரணம் சொல்கிற வரையில்தான் பெண்ணுக்குத் தெரு. சும்மா போகிறேன் என்று சொல்ல முடியாது. ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011-ல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல் இந்த இடத்தைத்தான் பிடித்தது. பாதுகாப்பு கொடுங்கள் என்று கேட்பதைவிட, காரணமில்லாமல் பொதுவெளியில் சுற்றும் உரிமையைக் கேட்கிறது அது.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும், சிலர் "சும்மா பஸ்ஸுல ஏறி ஊர் சுத்துறாளுங்க" என்று அலுத்துக்கொண்டார்கள். அந்த வசைக்குள் தெபோரின் முழுக் கோட்பாடும் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. டிக்கெட் காசுக்கு யாரிடமும் கணக்குச் சொல்லாமல் ஏறி, தோன்றிய இடத்தில் இறங்குவது.

கடைசியாக நம்மைப் பற்றி. அலைச்சலைக் கொண்டாடுவதில் நம் சிறுபத்திரிகை உலகத்துக்கு நிகரில்லை. ஊர் ஊராகத் திரிந்த எழுத்தாளன், வீடு தங்காத தோழன். இந்தப் புனைவுகளை மாறி மாறிச் சொல்லிக்கொள்கிறோம். அவன் திரிந்த நாட்களில் வீட்டில் உலை வைத்தது யார் என்று நம் நினைவுக் குறிப்புகளில் ஒரு வரி இருக்காது. நம் கூட்டங்களையே பாருங்கள். கூட்டம் முடிந்து ராத்திரி பதினொரு மணி வரை டீக்கடை வாசலில் தொடர்கிற பேச்சில்தான் பத்திரிகைகள் பிறக்கின்றன, பிளவுகளும் நடக்கின்றன. எட்டரைக்குக் கடைசி பஸ் பிடிக்க ஓடிய தோழிக்கு அந்தப் பேச்சில் இடமில்லை. மறுநாள் நாம் எடுத்த முடிவு மட்டும் அவருக்குத் தெரிவிக்கப்படுகிறது.

அடுத்த கூட்டத்தைப் பகல் பத்து மணிக்கு வைத்துப் பாருங்கள். அல்லது ராத்திரி பதினொரு மணிக்கு அவரும் நின்று பேசிவிட்டு, யார் துணையும் இல்லாமல், யாருக்கும் காரணம் சொல்லாமல் வீட்டுக்கு நடந்து போகிற தெருவை உண்டாக்குவதற்கு என்ன செய்யலாம் என்று பேசுங்கள். அவரைப் பார்த்து யாரும் "சாகசக்காரி" என்று முணுமுணுக்காத தெரு அது. அதற்குப் போகிற வழியில் நமக்கும் கொஞ்சம் சாகசம் கிடைக்கக்கூடும்.