ஆடுபுலியும் பரமபதமும்: அண்மைக்கால நிகழ்பட விளையாட்டுகளில் கருப்பொருளும் தொழிலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் நிகழ்பட விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சட்டம், பணயிழப்பு, மாணவர்தம் கவனச் சிதறல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அவற்றைப் படைப்புகளாகக் கொண்டு மதிப்பிடும் திறனாய்வு தமிழில் அரிதாகவே காணப்படுகிறது. இக்கட்டுரை, தொல்காப்பியம் கூறும் கருப்பொருள் என்னும் கருத்தாக்கத்தை அளவுகோலாகக் கொண்டு ‘ராஜி’ (2020), ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ (2021), ‘வெண்பா’ (2023) ஆகிய மூன்று விளையாட்டுகளை ஆராய்கிறது. மூன்றும் வெவ்வேறு வகையின. கேளம்பாக்கம் வட்டாரத்தின் நிலவியலை முன்வைத்து, இனி எழவேண்டிய கேள்வி ஒன்றும் இறுதியில் முன்வைக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: நிகழ்பட விளையாட்டு, கருப்பொருள், தொழில், வெண்பா, புலம்பெயர்வு, நெய்தல்.

முன்னுரை

விளையாட்டு தமிழ் மரபுக்குப் புதிய ஆய்வுப்பொருள் அன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை தோன்றும் களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைச் சுட்டுகிறது. மேலைநாட்டில் யோகன் ஹுயிசிங்கா 1938-இல் விளையாட்டைப் பண்பாட்டின் அடிப்படைகளுள் ஒன்றாக நிறுவினார். இயன் போகோஸ்ட் 2007-இல் வெளிவந்த தம் நூலில், நிகழ்பட விளையாட்டு தன் கருத்தைச் சொல்லாலும் படத்தாலும் மட்டுமன்றி விதிகளாலும் செயல்முறையாலும் வலியுறுத்துகிறது என வாதிட்டார். இவ்வாதத்தைத் தமிழ்ச் சூழலில் விளங்கிக்கொள்ளத் திண்ணை விளையாட்டுகள் இரண்டே போதுமானவை.

ஆடுபுலி ஆட்டத்தில் பொதுவாக மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் உள்ளன. புலி தாவி வெட்டலாம். ஆட்டுக்கு அவ்வுரிமை இல்லை. ஆடுகள் நெருங்கி நின்று வழியடைத்தால் மட்டுமே புலி அடங்கும். எளியோர் ஒன்றுகூடினாலன்றி வலியோரை வெல்ல இயலாது என்னும் கருத்தைச் சொல்ல அங்கே படம் தேவைப்படவில்லை; கல்லையும் புளியங்கொட்டையையும் வைத்து ஆடினாலும் பொருள் மாறாது. பரமபதத்தின் நிலை வேறு. ஏணி நல்வினையையும் பாம்பு தீவினையையும் குறிக்கின்றன; ஆனால் ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டையின் விழுக்காட்டைப் பொறுத்தவை. ஆடுபவர் எந்த நல்வினையையும் செய்வதில்லை. முன்னதில் பொருள் செயலில் இருக்கிறது. பின்னதில் பொருள் படத்தில் இருக்கிறது.

அளவுகோல்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைத் தொல்காப்பியம் கருப்பொருளாக வகுக்கிறது. தெய்வமும் உணவும் நிற்கும் அதே வரிசையில் தொழிலும் நிற்பது இங்குக் கவனிக்கத்தக்கது. ஒரு நிலத்தின் பொருள்களும் அந்நிலத்தார் செய்யும் தொழிலும் ஒன்றோடொன்று இயைந்தே உரிப்பொருளுக்குத் துணையாகின்றன. நிகழ்பட விளையாட்டில் ஆடுபவர் திரும்பத் திரும்பச் செய்யும் செயலே தொழில் எனக் கொண்டால், திறனாய்வின் முதற்கேள்வி தெளிவாகிறது: திரையில் காணப்படும் கருப்பொருள்கள் ஆடுபவரின் தொழிலோடு இயைகின்றனவா, அன்றி அதன்மேல் போர்த்தப்பட்டுள்ளனவா?

ராஜி: போர்த்தப்பட்ட தெய்வங்கள்

புனேயைச் சேர்ந்த நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்’ அதிரடிச் சாகச வகையைச் சார்ந்தது. அசுரர்கள் கவர்ந்து சென்ற தம்பி கோலுவைத் தேடி ராஜி என்னும் பெண் செல்கிறாள். துர்க்கையும் திருமாலும் அவள் கதையை உரையாடலாக எடுத்துரைக்கின்றனர். இராசத்தானக் கோட்டைகளின் சாயலும் பாவைக்கூத்தை நினைவூட்டும் நிழற்படக் காட்சிகளும் கண்ணைக் கவர்கின்றன. இந்தியாவில் உருவான விளையாட்டு உலக அரங்கில் இவ்வளவு கவனம் பெற்றது போற்றத்தக்கதே.

எனினும் ஆடுபவரின் தொழிலை நோக்கினால், அது அடைபட்ட களத்தில் பகைவரை அழித்து அடுத்த களத்துக்குச் செல்வதாகவே அமைகிறது. கையிலிருப்பது திரிசூலம், ஆனால் அதற்கு ஈடாகக் கோடரியை வைத்தாலும் ஆட்டம் பெரிதும் மாறாது. தெய்வம் இங்குக் கருவி வழங்கும் இடமாகச் சுருங்கிவிடுகிறது. பரமபதத்தின் பாம்பும் ஏணியும் போலப் பொருள் படத்தில் தங்கிவிடுகிறது.

ஒரே விலக்கு ராஜியின் உடலசைவு. வித்தைக் குழுவில் வளர்ந்தவள் ஆதலால் தூணைப் பற்றிச் சுழல்வதும் சுவரில் ஓடித் திரும்புவதும் அவளுடைய போர்முறையாகின்றன. கழைக்கூத்தாடியின் பிழைப்புக் கலை போர்க்கலையாக மாறும் அவ்விடங்களில் மட்டும் கருப்பொருளும் தொழிலும் ஒன்றுகின்றன. கோட்டைகளைவிட இந்த உடலே இவ்விளையாட்டின் உண்மையான இந்தியத்தன்மை எனலாம்.

பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா: விற்பனைக்குரிய கருப்பொருள்

2020 செப்டம்பரில் மைய அரசு பப்ஜி மொபைலைத் தடைசெய்தது. அதன் இடத்தில் தென்கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் 2021 சூலையில் இவ்விளையாட்டை வெளியிட்டது. 2022 சூலையில் இதுவும் முடக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. நூறு பேர் வரை ஒரு தீவில் குதித்து, சுருங்கிவரும் எல்லைக்குள் ஒருவரையொருவர் வீழ்த்தி, எஞ்சுவோர் வெல்வது இதன் அமைப்பு.

செயலளவில் இவ்விளையாட்டு செம்மையானது என்பதை மறுக்க இயலாது. சுருங்கும் வட்டம் ஒளிந்திருப்பவரையும் நகரச் செய்கிறது. நால்வர் குழுவில் மருந்தையும் தோட்டாவையும் பகிர்வது நட்பைச் சோதிக்கிறது. பொருள் செயலில் உள்ளது என்ற வகையில் இது ஆடுபுலிக்கு நெருக்கமானது. ஆனால் அச்செயலுக்கு நிலம் இல்லை. ‘இந்தியா’ என்னும் பெயருக்குரியவை பெரும்பாலும் விலைக்கு வாங்கும் உடையாகவும் அணியாகவுமே வருகின்றன. அவ்வுடையை அணிந்தவரும் அணியாதவரும் ஒரே தொழிலையே செய்கின்றனர். ராஜியில் கருப்பொருள் போர்வை எனில், இங்கு அது சரக்கு.

வெண்பா: தொழிலான உணவு

டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் உருவாக்கிய ‘வெண்பா’ 2023 சூலை 31 அன்று வெளிவந்தது. 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் இணையரையும் அவர்தம் மகன் கவினையும் பற்றிய சமையல்வழிக் கதை இது.

அம்மாவிடமிருந்து வெண்பா கொண்டுவந்த சமையல் குறிப்பேடு சிதைந்துள்ளது. எஞ்சிய வரிகளைக் கொண்டு முறையை ஊகித்துச் சமைப்பதே ஆடுபவரின் தொழில். இட்லித் தட்டுகளை ஆவி மேலெழுமாறு எவ்வாறு அடுக்குவது, புட்டுக்குழலில் எது முதலில் செல்லவேண்டும் என்பனவே புதிர்கள். உணவாகிய கருப்பொருள் இங்குக் காட்சியாக நில்லாமல் தொழிலாகவே மாறுகிறது. கிழிந்த தாள் ஒரு தலைமுறை இடைவெளியின் உருவகமாகவும் ஆட்ட விதியாகவும் ஒருசேர இயங்குகிறது.

இவ்விளையாட்டு தமிழகத்து ஆடுநர்க்கு ஒரு சிக்கலை எழுப்புகிறது. இட்லி அவிக்கத் தெரிந்தவருக்குத் தட்டடுக்கும் புதிர் புதிரே அன்று. அறியாதவருக்குப் பண்பாட்டு அறிமுகமாக அமைவது, அறிந்தவருக்கு அன்றாட அடுக்களை வேலையாகத் தோன்றக்கூடும். அங்ஙனமாயின் அறிந்தவருக்கு இது அளிப்பது யாது? விடை கவினின் பகுதியில் உள்ளது. வளர்ந்த கவினாக ஆடும்போது அம்மாவின் தமிழ்க் குறிப்பு தடையின்றிப் படிக்க இயலாததாகிறது. தமிழ் அறிந்தவர் தம் கையால் தமிழ் அறியாதவராகச் செயல்படும் நிலை அங்கு ஏற்படுகிறது. மொழியிழப்பைப் பற்றிய கவிதையும் சிறுகதையும் இழந்தவரைப் புறத்திருந்து காட்டலாம். இழந்தவரின் தடுமாற்றத்தை ஆடுபவரின் தொழிலாக்குவது இவ்வடிவத்துக்கே உரிய ஆற்றல்.

குறைகளும் உள. தவறாகச் சமைத்தால் மீண்டும் முயலலாமேயன்றிக் கதையில் விளைவு இல்லை. உரையாடலில் தரப்படும் தெரிவுகளும் கதைப்போக்கைப் பெரிதும் மாற்றுவதில்லை. வெண்பா யாப்பில் வேற்றுத்தளை விரவுவதில்லை. அதுபோல இங்கும் சரியான சமையல் ஒன்றே. ஆனால் புலம்பெயர்ந்தோர் அடுக்களை அவ்வாறு இயங்குவதன்று. கிடைக்காத பொருளுக்கு ஈடாகக் கிடைத்ததை இட்டுப் புதிய சுவையொன்றை உருவாக்குவதே அதன் வரலாறு. பிறழ்ச்சியையும் படைப்பாக ஏற்கும் விதி அமைந்திருந்தால், மரபு மீட்கப்படுவது மட்டுமன்றி மாறுவதும் ஆடுபவரின் கைக்கு வந்திருக்கும். தாயன்பை அடுக்களையோடு மட்டும் பிணைக்கும் பழகிய பார்வையை, மகன் சமைக்கும் பகுதி ஓரளவு தளர்த்துகிறது, முற்றிலும் நீக்கவில்லை.

கேளம்பாக்கமும் எழுதப்படாத நெய்தலும்

செங்கற்பட்டு மாவட்டக் கேளம்பாக்கம் இவ்விவாதத்துக்குப் பொருத்தமான நிலம். ஒருபுறம் கோவளம் கழிமுகத்தை ஒட்டிய உப்பங்கழியும் உப்பளங்களும். மறுபுறம் பழைய மாமல்லபுரம் சாலையும் சிறுசேரித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும். கழிநீரைப் பாத்தி பாத்தியாகத் தேக்கி, வெயிலில் வற்றவைத்து, உறைந்த உப்பை வாரிக் குவிக்கும் தொழில் நடந்த மண்ணுக்கு அருகிலேயே மென்பொருள் எழுதும் தொழிலும் நடக்கிறது. வெண்பாவையும் பாவலனையும் போன்றோர் வெளிநாடு செல்லும் வழியும் இச்சாலைதான்.

உப்பு விளைத்தல் தன்னளவில் விதிகள் நிறைந்த ஒரு செயல்முறை. நீரை எப்போது அடுத்த பாத்திக்கு விடுவது, எப்போது வாருவது, மழைக்கு முன் எவ்வளவு காப்பது என ஒவ்வொன்றும் காலத்தோடு ஆடும் ஆட்டம். காத்திருத்தலும் ஒரே மழையில் அனைத்தையும் இழத்தலும் நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கலுக்கு இயல்பாகவே இட்டுச் செல்வன. நூறு பேர் குதிக்கும் கற்பனைத் தீவின் ஒவ்வொரு மேட்டையும் அறிந்த இவ்வட்டார இளைஞருக்குத் தம் ஊர்க் கழியின் ஓட்டம் தெரியாமற் போவதைக் கவனச் சிதறல் எனக் கடிந்து பயனில்லை. அக்கழியை ஆடுகளமாக்கிய படைப்பு அவர் கைக்கு வந்ததில்லை.

நிறைவுரை

2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஆகியன பணம் வைத்தாடும் ஆட்டங்களின் தீங்கைத் தடுக்க முற்பட்டவை. அவற்றின் தேவை வேறு. திறனாய்வின் தேவை வேறு. சட்டம் எதை ஆடக்கூடாது என்று கூறும். எது நல்ல ஆட்டம் என்று கூறுவது திறனாய்வின் கடன். அக்கடனைத் தமிழாய்வு ஏற்காதவரை, சூதாட்டச் செயலியும் ‘வெண்பா’வும் பெற்றோர் பார்வையிலும் ஆசிரியர் பார்வையிலும் ஒரே பொருளாகவே நீடிக்கும்.

மூன்று விளையாட்டுகளையும் ஒப்பிட, தமிழ்ப் பெயரும் இந்தியத் தெய்வமும் ஒரு விளையாட்டை நம்முடையதாக்கிவிடுவதில்லை என்பது புலனாகிறது. ஆடுபவரின் கை செய்யும் தொழிலில் நிலமும் வாழ்வும் இறங்கியிருக்க வேண்டும். ‘வெண்பா’ அதற்குரிய வழியை அடுக்களையில் காட்டியுள்ளது. உப்பளம், கழி, தறி, ஏர் ஆகியவற்றின் செயல்முறைகளைத் தொகுத்து விதிகளாக வகுத்தளிக்கும் பணியில், நாட்டார் வழக்காற்றியல் துறையும் கணினித் துறையும் ஒரே வளாகத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்கள் முதலடி எடுத்துவைக்கலாம்.