விளக்கைப் பாடியவர் கையைப் பார்த்தாரா?

1857ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ 'சாண்டா ஃபிலோமினா' எனும் கவிதையை வெளியிட்டார். கிரிமியப் போரில் காயமுற்றோர் குவிந்து கிடந்த ஸ்குடாரி மருத்துவமனையில், இருளிலே விளக்கேந்தி நடந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் புனிதவதியாக்கிய கவிதை அது. ஓசை இனிது, சொல் எளிது. அதன் அழகை மறுக்க நாம் வரவில்லை. அந்த அழகு விளைத்த கேட்டைத்தான் எடுத்துக்காட்ட விழைகிறோம்.

அதே 1857, ஆகஸ்டுத் திங்கள். எவரைக் கவிஞர் புனித பீடத்தில் ஏற்றினாரோ, அவர் மால்வர்ன் எனும் ஊரிலே நோயுற்றுக் கிடந்தார். நெஞ்சு படபடத்தது, மூச்சுத் திணறிற்று, காண வருவோரையும் ஒருவர் ஒருவராகவே காண முடிந்தது. போர்முனையில் தொற்றிய காய்ச்சலின் எச்சம் என்பர் சிலர். மனக்கலக்கத்தின் விளைவு என்பர் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்ப்பு எதுவாயினும் சரி, அம்மையார் மீண்டும் வார்டுப் பணிக்குத் திரும்பவேயில்லை.

செவிலித் தொழிலையே துறந்தாரா? அதுதான் இல்லை! படுக்கையிலிருந்தபடியே படைவீரரின் சாவுக் கணக்கை வரைபடமாக்கி ஆட்சியாளரின் கண்முன் நீட்டினார். 1859இல் செவிலிப் பணி பற்றிய நூலை எழுதி முடித்தார். 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தோன்றக் காரணமானார். அன்றாடம் அதை நடத்தும் பொறுப்பை வார்ட்ரோப்பர் அம்மையார் ஏற்றார். இந்திய மண்ணை மிதிக்காமலேயே இங்குள்ள படைமுகாம்களின் சுகாதாரக் கேட்டை ஆராய்ந்து எழுதினார். தம்மால் எது இயலும், எது இயலாது என்று கணக்கிட்டு, இயன்ற இடத்தில் அமர்ந்து உழைத்தார். தந்தையார் ஆண்டுதோறும் 500 பவுன் அளித்ததால் அந்த வாய்ப்புக் கிட்டியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கவிஞர் பாடியது விளக்கை. மக்கள் வணங்கியதும் விளக்கை. விளைவு யாது? விளக்கேந்தும் கை நடுங்கலாமா என்று கேட்கத் துணிந்துவிட்டனர்! இரவுப் பணி என்றாலே வயிறு கலங்குகிறது ஓர் இளம் செவிலிக்கு. கொடுத்த மருந்து சரிதானா என்று மும்முறை திரும்பிப் பார்க்கிறாள். வீடு சென்றும் உறக்கமில்லை. அவளிடம், "இது தெய்வத் தொண்டு, அஞ்சுவோர்க்கு இடமில்லை" என்கிறார்கள். தெய்வத்துக்கு ஏது ஓய்வு, ஏது மருத்துவம், ஏது பணிமாற்றம்?

இக்கவிதைக்கு எதிரே நாம் வைப்பது இனிமையே இல்லாத ஓர் ஆய்வுரை. இலண்டன் பெருமருத்துவமனை ஒன்றின் செவிலியரை ஆராய்ந்து இசபெல் மென்சீஸ் 1960இல் வெளியிட்டது. சாவும் சீழும் உறவினரின் கண்ணீரும் அன்றாடம் சூழும் தொழிலிலேயே பதற்றம் குடியிருக்கிறது என்று அவர் காட்டினார். அதை நேர்நின்று பார்க்க அஞ்சிய நிருவாகம் என்ன செய்தது? நோயாளி பெயரிழந்து, 'பத்தாம் படுக்கை ஈரல்' ஆனான். எவரும் ஒரே நோயாளியுடன் நிலைத்திராதபடி பணி துண்டு துண்டாக்கப்பட்டது. பயிற்சி மாணவியர் திடீர் திடீரென வார்டு மாற்றப்பட்டனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே வெளியேறினர். பதற்றத்தைத் தணிக்க வந்த ஏற்பாடே அதை வளர்த்தது!

ஆனால், மென்சீஸ் நோக்கியது அமைப்பை. நாளை எந்த வார்டுக்குப் போவது என்று தவிக்கும் தனியொருத்திக்கு விடை கூற எழுந்ததன்று அவர் ஆய்வு. அந்த இடத்தை நாமே நிரப்ப வேண்டியிருக்கிறது. "அமைதியான வேலைக்குப் போ" என்று பொதுவாகச் சொல்வது பயனற்ற புத்திமதி. பள்ளிச் செவிலி வேலை அமைதியானதுதான்; ஆனால் ஒரு குழந்தை மயங்கி விழுந்தால் அருகே கேட்க ஆளில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவோ கேட்கவே அச்சுறுத்தும். எனினும் அங்கே ஒருத்திக்கு ஒன்றிரண்டு நோயாளிகளே, மருத்துவரும் கூப்பிடு தொலைவில். ஆகவே எதற்கு அஞ்சுகிறோம் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். தனிமைக்கா, கூட்டத்துக்கா, இரவுக்கா, எதிர்பாராமைக்கா? எதிர்பாராமைக்கு அஞ்சுபவளுக்கு, நாள் குறித்து நோயாளிகள் வரும் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவோ தடுப்பூசிப் பணியோ பொருந்தலாம். கூட்டத்துக்கு அஞ்சுபவளுக்குத் தொற்றுத் தடுப்புக் கண்காணிப்போ ஆவணப் பணியோ ஏற்கலாம். பதற்றமும் மருத்துவத்துக்கு அடங்கும் நோயே. தாயத்துக்கு அன்று, மருத்துவருக்கே அங்கு வேலை.

பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், நெடுநாள் நீடித்து அன்றாட வாழ்வைப் பெரிதும் முடக்கும் மனநோயையும் உடற்குறைக்கு ஒப்ப வைத்து, பணியிடத்தில் தக்க மாற்றம் செய்து தருவது முதலாளியின் கடமை என்கிறது. சலுகையாகக் கெஞ்சிப் பெற வேண்டியது, அங்கே உரிமையாகக் கேட்கப்படுகிறது.

ஒன்று சொல்ல மறந்தோம். ஓவியர்கள் அம்மையார் கையில் தீட்டிய மூக்கு விளக்கும் கற்பனையே; அவர் ஏந்தியது துருக்கியரின் மடிப்புக் கூண்டு விளக்கு. ஃபிலோமினா எனும் புனிதவதியையோ, 1961இல் உரோமைத் திருச்சபையே தன் நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டது.