வால்ற்றன் கண்ட ஆற்றங்கரை

ஐசாக் வால்ற்றன் 1653இல் வெளியிட்ட ‘த கொம்ப்ளீற் ஆங்லர்’ என்னும் நூலை மீன்பிடிக் கையேடென்று எடுப்போர் ஏமாறுவர். நீர்ப்பூண்டிலிருந்து மீன் பிறக்குமென்னும் பழங்கதையும் அதிலுண்டு. செயற்கை ஈயால் மீன்பிடிக்கும் கலையை 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் விரித்தெழுதியவர் அவர் நண்பர் சாள்ஸ் கொற்றனே.

நூலின் உயிர் வேறிடத்துளது. இலண்டனுக்கு வடக்கே லீ யாற்றங்கரையில் உரையாடிச் செல்வோர் மழைக்கு வேலியோரத்தில் ஒதுங்குகின்றனர். பால் கறக்கும் பெண்ணின் பாட்டைக் கேட்கின்றனர். இரவில் லவண்டர் மணக்கும் விரிப்பிலே துயில்கின்றனர். இதனைக் கவலையறியாதவரின் களிப்பென்று சிலர் கொள்வர். அது பொருந்தாது. உள்நாட்டுப் போரின் முடிவில், 1649இல், மன்னர் முதலாம் சாள்ஸ் சிரச்சேதம் செய்யப்பட்டார். வால்ற்றன் மன்னர் பக்கத்தவர். முதல் மனைவியையும் அவர் வயிற்றுப் பிறந்த மக்கள் எழுவரையும் முன்னரே பறிகொடுத்தவர். தோற்றவருக்கு எஞ்சியிருந்த இடம் அவ்வாற்றங்கரை. அமைதியைப் பற்றி அவர் அத்துணை வற்புறுத்திப் பேசுவதற்குக் காரணம் இதுவே என்பது எம் துணிபு.

ஆயினும் சைவ நெறியில் வளர்ந்தோர்க்கு ஓரிடம் முள்ளாய்த் தைக்கும். உயிருள்ள தவளையைத் தூண்டிலில் கோக்கும் முறையைக் கூறுகையில், அதனிடத்து அன்புடையார்போல நடந்துகொள்ளுமாறு வால்ற்றன் அறிவுறுத்துகின்றார்! பைரன் தமது ‘டொன் யுவான்’ காவியத்திலே அவரைக் கொடியவரென்று எள்ளினார். கொல்லாமையை அறமெனக் கற்ற நாமும் அவ்விடத்திற் பைரன் பக்கமே நிற்போம். வால்ற்றன் அங்கே நகையாடவில்லை, அன்பென்றே நம்பினார். அதுதான் உறுத்துகின்றது. எனினும் நூலை மூடிவைக்க மனம் ஒருப்படுவதில்லை. தவளை வரும் ஏட்டை மட்டும் விரைந்து புரட்டிவிட்டு, மழைக்கு ஒதுங்கிய அந்த வேலியோரத்துக்கே மீள்கின்றோம்.