புலம்பலுக்கு மறுமொழி பாடும் சபை

பேசும்படம் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைப் பதிவுசெய்த குறும்படங்களுள், 1929-இல் டட்லி மர்பி இயக்கிய ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ தனியிடம் பெறுகிறது. ஏறத்தாழ 16 நிமிடங்களே ஓடும் படம் இது. புளூஸ் எனப்படும் துயரிசையின் பேரரசி என்று போற்றப்பட்ட பெஸ்ஸி ஸ்மித் நடித்த ஒரே படமும் இதுவே.

கதை எளியது. தான் நம்பிய ஆடவன் வேறொருத்தியுடன் இருப்பதைக் கண்ட பெண், அவனால் தள்ளப்பட்டு, தரையில் கிடந்தவாறே பாடத் தொடங்குகிறாள். அடுத்த காட்சியில் அப்பாட்டு ஒரு மதுச்சாலையில் தொடர்கிறது. அங்கு அமர்ந்திருப்போர் அவளைத் தேற்ற முற்படவில்லை, அறிவுரை கூறவுமில்லை. அவள் பாட்டுக்குப் பலகுரலிசையில் மறுமொழி பாடுகின்றனர். பாடுவோர், கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களால் புகழ்பெற்ற ஹால் ஜான்சன் குழுவினர். பாட்டை 1914-இல் வெளியிட்ட டபிள்யூ. சி. ஹேண்டியோ ஒரு போதகரின் மகன். ஆகவே மதுச்சாலையில் நாம் கேட்பது திருச்சபைக்கு அந்நியமான குரலன்று.

படத்தில் குறை இல்லாமலில்லை. சூதும் குடியுமே கறுப்பினத்தாரின் வாழ்வு என்னும் வெள்ளையரின் எண்ணத்தையே வெள்ளையரான இயக்குநர் பின்னணியாக்கினார். அப்பெண்ணை வறுமையில் வைத்த சமுதாய அமைப்பு திரையில் தோன்றவேயில்லை. பழி முழுவதும் ஒருவன்மேல் விழுகிறது. எனினும் படம் பொய்யான ஆறுதல் தரவில்லை. திரும்பி வரும் அவன், அவளோடு நடனமாடி, அவள் காலுறையில் வைத்திருந்த பணத்தைக் கவர்ந்து செல்கிறான். அவள் மீண்டும் பாடுகிறாள். 88-ஆம் சங்கீதமும் இருளிலேயே முடிவதை நாம் மறத்தலாகாது. ஜேம்ஸ் எச். கோன் 1972-இல் வெளியிட்ட நூலில் ஆன்மிகப் பாடல்களையும் புளூஸையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தது இக்காரணம் பற்றியே பொருத்தமாகிறது.

நம் ஒப்பாரியிலும் ஒருத்தி எடுத்துப் பாட, சூழ இருப்போர் உடன் பாடுவர். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை வழிபாட்டினுள் கொணர்ந்தார். ஆயினும் நம் சபைகள் பலவற்றில் ஒப்பாரி இன்னும் ஆலய வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் ஊழியம் செய்வோருக்கு இது வெறும் கலைச்செய்தியன்று. விடுதி உணவால் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து, 2021 டிசம்பரில் இப்பகுதித் தொழிற்சாலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஊரை விட்டு வந்து, மாறிமாறி வரும் ஷிப்டுகளில் உழைக்கும் அத்தகையோருள் ஒருத்தி ஞாயிறன்று ஆலயத்தினுள் வந்தால், ஸ்தோத்திரம் செலுத்தும்படி மட்டுமே நாம் அவளை அழைக்கிறோமா? புலம்பற் சங்கீதமொன்றை ஒருவர் எடுத்துப்பாட, சபையார் மறுமொழி கூறும் வேளையொன்றை மன்றாட்டுக்கு முன் அமைக்க இயலாதா?

மதுச்சாலையில் இருந்தோர் செய்தது அதுவே. அவள் பாடி முடிக்குமுன் நாம் ஆசீர்வாதம் கூறிவிடலாகாது.