துபாஷியின் நயம்

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிச் சத்தம் யாரையும் திடுக்கிட வைக்காது. சத்தம் நின்றால்தான் தலை நிமிரும்: இழை அறுந்ததா, கரண்ட் போனதா? அமைதி என்றால் ஏதோ கோளாறு. இது போனுக்கும் பொருந்தும்.

தறிகள் ஓய்ந்த உச்சிவேளையில், அங்கிருந்து ஒருவர் இணையவழி போனில் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலை ஒன்றைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலையில் இருப்பதோ ஈ.பி.ஏ.பி.எக்ஸ். என்னும் பழைய தொலைபேசி இணைப்புப் பெட்டி. சுவரெல்லாம் செம்புக் கம்பி, மேசைதோறும் இன்டர்காம். நன்றாக உழைப்பதை ஏன் பிடுங்கிப் போட வேண்டும்? இணையத்துக்கும் அதற்கும் நடுவில் கேட்வே என்றொரு சின்னப் பெட்டியை வைத்துவிட்டார்கள். துணி வாங்க வந்த கம்பெனிக்காரர்களுக்கும் உள்ளூராருக்கும் இடையே அன்றைய மதராஸில் மொழிபெயர்க்க துபாஷி நின்றாரே, அந்த வேலை.

“ஸ்டோர்ஸுக்கு 5-ஐ அழுத்தவும்” என்கிறது ஆலையின் பதிவுக் குரல். அழுத்துகிறார். பழைய பெட்டிக்கு 5 என்பது எண் அல்ல, 770, 1336 ஹெர்ட்ஸ் என இரண்டு சுருதிகள் சேர்ந்த ஒலி. இணையத்தில் இடம் மிச்சம் பிடிக்கும் ஜி.729 சுருக்கமோ மனிதத் தொண்டைக்கென்று தைத்த சட்டை. அதற்குள் புகுந்தால் அந்த ஒலி கசங்கிவிடும். அதனால் போன் ஒலியை அனுப்புவதில்லை. ‘5 அழுத்தினார்’ என்று சீட்டு எழுதி அனுப்புகிறது. சீட்டைப் படித்த துபாஷி, பழையவருக்குப் புரியும்படி இரண்டு சுருதியையும் சேர்த்துப் பாடிக் காட்டுகிறது.

“இருங்கண்ணே, லெட்ஜரைப் பார்த்துட்டு வர்றேன்.” ரிசீவர் மேசைமேல் கிடக்கிறது. பேச்சு இல்லாதபோது வெறும் தரவுப் பொட்டலங்களை அனுப்புவானேன் என்று துபாஷியும் நிறுத்திக்கொள்கிறது. அப்போது காதில் விழ வேண்டியது முழு நிசப்தம். பழைய லைனில் சன்னமாக ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும், அது அற்றுப்போனால் “ஹலோ... ஹலோ, இருக்கீங்களா?” என்று பதறிவிடுவோம். ஆகவே கேட்கிற முனையில், இல்லாத இரைச்சலை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். அதற்கு ‘ஆறுதல் இரைச்சல்’ என்றே பெயர். இரைச்சலை ஒழிக்கப் பாடுபட்ட பொறியாளர்களே, கேட்பவர் மனமறிந்து அதில் ஒரு சிட்டிகையைத் திரும்பத் தூவியிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கட்டம். எஸ்.ஐ.பி. என்னும் இணையப்பேச்சு நெறியில் ஓர் அழைப்பு ‘இன்வைட்’ என்று வெற்றிலை பாக்கு வைத்துத் தொடங்குகிறது, ‘பை’ என்று விடைபெற்று முடிகிறது. செம்புக் கம்பிக்கு அந்த உபசாரமெல்லாம் தெரியாது. ரிசீவரை வைத்தால் கம்பியில் மின்னோட்டம் நிற்கும், அவ்வளவுதான். பாக்கிப் பணத்தில் பேச்சு முற்றி, ஸ்டோர்ஸ்காரர் ரிசீவரை ‘டொக்’கென்று அறைகிறார். துபாஷி அந்தக் கோபத்தை மொழிபெயர்ப்பதில்லை. ஆர்.கே.பேட்டைக்குப் போய்ச் சேர்வது ‘பை’ மட்டும்.