நிறுத்திக் காட்டினால்தான் கண்டுபிடிப்பு

காரில் எங்கிருந்தோ வரும் லொடலொடச் சத்தத்தைத் தேடிப் பிடிப்பது காதின் வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். நல்ல மெக்கானிக்கைப் புகழும்போதும், ‘அவருக்குக் காது அப்படி, வண்டி உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுவார்’ என்கிறோம். இந்தப் புகழ் பாதிதான் சரி. காது வேலையைத் தொடங்கிவைக்கிறது, அவ்வளவுதான். சத்தம் எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்று வரிசை தப்பாமல் விசாரித்து, கடைசியில் அதைத் தன் கையாலேயே நிறுத்தி, மறுபடி வரவழைத்தும் காட்டுகிறவர்தான் அதைக் கண்டுபிடித்தவர். நம் ஊர்ப் பட்டறைகளில் தினமும் நடக்கிற, ஆனால் கலை என்று யாரும் பெயர் சொல்லாத இந்த வேலையில் என்னை வியக்கவைப்பது அந்த ஒழுங்கு.

காதை மட்டும் நம்ப முடியாததற்கு இயற்பியலே காரணம். ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அது இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துப் பெரிதும் அறிகிறோம். அந்த வித்தியாசம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. திறந்த வெளியில் இது அற்புதமாக வேலை செய்யும். கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ அதே சத்தம் கண்ணாடியிலும் கூரையிலும் பட்டுப் பல பக்கங்களிலிருந்து வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் காரின் தகடு. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும்; எஃகில் 5,000 மீட்டர் அளவுக்குப் போகும். பின்சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பரின் நட்டு தளர்ந்து தட்டினால், அந்த அதிர்வு தகடு வழியே ஓடி, எந்தப் பகுதி லேசாக அதிருமோ அங்கே போய்ச் சத்தமாக வெளிப்படும். ‘பின்கதவிலிருந்துதான் வருகிறது’ என்று ஓட்டுபவர் அடித்துச் சொல்வார். அவர் கேட்டது பொய்யில்லை. சத்தம் அங்கே வெளிப்படுகிறது, பிறந்த இடம் வேறு.

அதனால்தான் தேர்ந்த மெக்கானிக் ‘எங்கே வருது?’ என்று கேட்க அவசரப்படுவதில்லை. ‘எப்போ வருது சார்?’ என்று ஆரம்பிப்பார். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால் வருகிறதா? வந்தால் சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் பெரும்பாலும் சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடும். மிஞ்சுவது இன்ஜின், பெல்ட், சைலன்சர் குழாய். கிளட்சை மிதித்தால் நின்றுபோகிறதா? கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதித்தால்தான் வருகிறதா? அப்படியானால் கிளட்ச் பேரிங். ஓடும்போது பிரேக்கைப் பட்டும் படாமலும் தொட்டால் அடங்குகிறதா? பிரேக் பேட் தன் கூட்டுக்குள் ஆடுகிறது. பேட் மாற்றியபோது அதை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கிளிப்பை யாரோ போடாமல் விட்டிருக்கலாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை நகர்த்தும்போது டக் டக்கென்றால் சி.வி. ஜாயின்ட். வேகத்தில் எழும் உறுமல் இடப்பக்க வளைவில் கூடினால், அப்போது எடை வலப்பக்கம் சாய்வதால், வலது வீல் பேரிங். ஒரு ஸ்பேனரும் எடுக்காமல், போனெட்டைக்கூடத் திறக்காமல், வண்டியின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட முடிகிறது. இந்தச் சிக்கனம்தான் இந்தக் கலையின் முதல் அழகு.

இதன் உச்சத்தைப் பார்க்க ஸ்டெபிலைசர் லிங்க் ஒன்றே போதும். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் எஃகுக் கம்பியின் இரு முனைகளிலும் ஒரு சாண் அளவில் மெல்லிய தண்டு இருக்கும்; அதன் நுனியில் பந்து மூட்டு. மூட்டு தேய்ந்து கொஞ்சம் ‘பிளே’ வந்துவிட்டால் கரடுமுரடான சாலையில் டொக் டொக்கென்று தட்டும். லோயர் ஆர்ம் புஷ் போனாலும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான், ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட் போனாலும் இதேதான். எப்படிப் பிரிப்பது? வேகத்தடையை நேராக ஏறினால் இரண்டு சக்கரங்களும் ஒன்றாக எழும். கம்பி முறுக்கேறாமல் சும்மா சுழன்று கொடுக்கும், லிங்க்கில் பாரம் விழாது. அதே வேகத்தடையைக் கோணலாக ஏறினால் ஒரு சக்கரம் முதலில் எழும். கம்பி முறுக்கிக்கொள்ளும், லிங்க் தட்டும். நேராக ஏறும்போது அமைதி, கோணலாக ஏறும்போது சத்தம் என்றால் விசாரணை ஏறக்குறைய முடிந்தது. ஆனாலும் அனுபவசாலி அதோடு நிற்பதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க்கை ஆட்டிப் பார்த்தால், முறுக்கேறிய கம்பி மூட்டை இழுத்துப் பிடித்திருப்பதால் பிளே தெரியாது. தேய்ந்த பாகம் நல்ல பாகமாக நடிக்கும். அவர் சக்கரங்கள் சம உயரத்தில் நிற்கும்போதுதான் கையை வைப்பார். அப்படியும் தீராவிட்டால் லிங்க்குகளைக் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்துவிட்டு, அதே தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். சத்தம் போயிருந்தால் குற்றவாளி கையில். போகவில்லை என்றால் ஒரு புதுப் பாகம் வாங்கும் செலவு மிச்சம்.

சைலன்சர் குழாய்க்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு வேறொரு பாடம். மெல்லிய தகடு அது. போல்ட் துளையைச் சுற்றித் துரு அரித்து, துளை பெரிதாகி, தகடு தளர்ந்ததும் தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்குவதுபோலச் சத்தம் வரும். இதன் விசித்திரம், இன்ஜினின் ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் வந்து, அதைத் தாண்டியதும் மாயமாகிவிடுவது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போது விநாடிக்கு 25 சுற்று, 50 எரிதல். அந்தத் தகடு இயல்பாக அதிரும் வேகம் இதோடு ஒத்துப்போனால் பேயாட்டம் ஆடும், விலகினால் அடங்கிவிடும். ‘சில நேரம் வருது, சில நேரம் வரல’ என்று ஓட்டுபவர் குழம்புவது இதனால்தான். இன்ஜின் ஆறிய பிறகு கீழே படுத்து முஷ்டியால் ஒரு தட்டுத் தட்டினால் தகடு தானே பேசிவிடும். பெரிய வாஷர் ஒன்றோ, குழாயோடு சேர்த்து இறுக்கும் கிளிப் ஒன்றோ போதும்.

அப்படியானால் காதுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, திசையைச் சொல்வதைவிடத் தாளத்தைச் சொல்வதில். ஐட்லிங்கில் இன்ஜின் 800 சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் சுற்றுவது 400 தான். டேப்பெட் தட்டினால் விநாடிக்கு ஆறேழு தட்டு. கிராங்க்கோடு சேர்ந்து தட்டும் பிக் எண்ட் பேரிங் என்றால் அதைப்போல் இருமடங்கு. பழகிய காது எண்ணாமலே இதைப் பிரித்துவிடும். நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டரின் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பதும் இதே வகைதான். பக்கத்திலேயே வாட்டர் பம்ப், ஐட்லர் என்று சுழலும்போது, எந்தப் பேரிங் கரகரக்கிறது என்பதை அந்தக் கம்பி தனித்துச் சொல்லிவிடும். மருத்துவமும் இந்த வழியாகத்தான் வந்தது. 1761இல் வியன்னாவில் லியோபோல்ட் ஆவன்புருகர் நோயாளியின் மார்பை விரலால் தட்டிப் பார்க்கும் முறையை வெளியிட்டார். 1816இல் பாரிஸில் லென்னெக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கினார். இருவரும் காதுக்கு எட்டியதோடு நின்றுவிடவில்லை. இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்து, இந்த ஒலிக்கு உள்ளே இருந்தது இதுதான் என்று உறுதி செய்துகொண்டார்கள். அந்த உறுதிதான் அவர்கள் கேட்டதை அறிவாக்கியது. லிங்க்கைக் கழற்றி ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக்கை நான் அவர்கள் வரிசையில்தான் வைப்பேன்.

காருக்கு உள்ளே வரும் சத்தங்களில் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். தனியாக ஓட்டும்போது வரும் சத்தம், மெக்கானிக் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் நின்றுபோகும். வாடிக்கையாளருக்கு அவமானமாக இருக்கும். விவரம் தெரிந்தவருக்கோ அதுவே துப்பு: தன் எடை விழுந்ததும் அடங்கியது என்றால் அந்த இருக்கை, அதன் ஹெட்ரெஸ்ட், தண்டவாளம், பெல்ட்டின் கொக்கி இவற்றில் ஒன்றுதான். மீதிக்குக் கழித்தல் கணக்கு. டிக்கியைக் காலி செய்வது, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கி வைப்பது, கதவுப் பைகளைத் துழாவுவது, நம்பர் பிளேட்டை விரலால் அழுத்துவது. வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு விரிந்து இறுகும், விடியற்காலைக் குளிரில் சுருங்கிக் கிரீச்சிடும். எனவே காலையில் வரும் சத்தத்தை மதியம் தேடினால் கிடைக்காது.

இவ்வளவு எதற்கு, சந்தேகப்பட்டதை மாற்றிவிட்டால் போகிறது என்று ஒரு வாதம் உண்டு. ‘புஷ் போயிருக்கும், மாத்திப் பார்ப்போம் சார்’ என்பது பல பட்டறைகளில் கேட்கும் வசனம். சில சமயம் சத்தம் போய்விடுவதும் உண்மைதான். ஆனால் நான்கு பாகம் மாற்றிய பிறகு போனால், எதனால் போனது என்று மாற்றியவருக்கே தெரியாது. அடுத்த வண்டிக்கும் நான்கையும் மாற்றுவார். பணம் வீணாவது ஒரு பக்கம், தொழில் வளராமல் போவதுதான் பெரிய நஷ்டம்.

கம்ப்யூட்டரை மாட்டினால் தெரியாதா என்பது இன்னொன்று. ஸ்கேனர் சென்சார்கள் சொல்வதைத்தான் சொல்லும். தளர்ந்த போல்ட்டில் சென்சார் கிடையாது. இன்ஜினில் உள்ள நாக் சென்சார் அதிர்வைக் கேட்கத்தான் செய்கிறது, ஆனால் அது காத்திருப்பது எரிபொருள் முறைதவறி வெடிக்கும் அந்த ஓர் ஒலிக்காக மட்டும். சந்தேகப்படும் இடங்களில் கவ்விவைத்து, ஓடும்போதே ஒவ்வொன்றாகக் கேட்கும் சிறு மைக்குகள் வந்திருக்கின்றன; நல்ல கருவி. ஆனால் எந்தெந்த இடத்தில் கவ்வுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். மின்சாரக் கார் வந்தால் இந்த வேலையே இருக்காது என்பாரும் உண்டு. நடப்பது நேர்மாறு. 1958இல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸுக்கு எழுதிய புகழ்பெற்ற விளம்பரம், 60 மைல் வேகத்தில் அந்தக் காரில் மிக உரத்துக் கேட்பது அதன் மின்கடிகாரம்தான் என்றது. பெரிய சத்தம் அடங்கினால் சின்னச் சத்தம் மேலே வரும் என்பதும் அதற்குள் இருக்கிறது. இன்ஜின் ஓசை மறைத்துவைத்திருந்த கிரீச்சும் கிலுகிலுப்பும் மின்சாரக் காரில் அப்படியே காதில் விழுகின்றன.

ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்: தகடு ஆடுவதும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட் தேய்வதும் தொடக்கத்தில் வெறும் சத்தம்தான். முன்னதோடு பல ஆண்டுகள் ஓட்டலாம். பின்னது ஒருநாள் கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும். எது எது என்று தேடிப் பார்க்காமல் தெரியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். சத்தத்தோடு பட்டறைக்குப் போகும்போது, எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில், காலையிலா மாலையிலா, ஆள் இருக்கும்போதா இல்லாதபோதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டிரயல் பார்க்க மெக்கானிக் கூப்பிட்டால் கூடவே ஏறுங்கள். அரைநாள் தேடிவிட்டு அவர் பத்து ரூபாய் வாஷரைப் போட்டு அனுப்பினால், பில்லில் வாஷரின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். தேடிய நேரத்துக்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.