பொருத்தக் காசு இருக்கு, எடுக்க?

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வரும் நிதி பற்றிப் படிக்க ஆரம்பித்தால் 2012 ஜூலை லண்டன் மாநாட்டைத் தாண்டிப் போக முடியாது. 69 ஏழை நாடுகளில் 2020க்குள் கூடுதலாக 12 கோடிப் பெண்களுக்குக் கருத்தடை வசதி என்பது இலக்கு. எட்டியது சுமார் 6 கோடி. அந்தப் பாதிக் கணக்கை விடுங்க, எனக்கு உறுத்துவது வேறு.

மாநாட்டைத் தொடர்ந்து 2013ல் ஒரு ஒப்பந்தம் வந்தது. மேல்கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளாண்ட்டின் விலை சுமார் 18 டாலரிலிருந்து 8.50க்கு இறங்கியது. கேட்ஸ் அறக்கட்டளை போன்றவர்கள், இவ்வளவு கண்டிப்பாக விற்கும் என்று பேயர், மெர்க் கம்பெனிகளுக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள். நல்ல டீல். அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மாத்திரை வேண்டாம்னா நிறுத்திடலாம். ஊசி மூணு மாசத்தில் தானாகத் தீரும். இம்ப்ளாண்ட்டுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, தோலைக் கீறி, குச்சியை வெளியே எடுக்கப் பழகிய ஆள் வேண்டும். ரத்தப்போக்கு தாறுமாறாகியோ, குழந்தை வேண்டுமென்றோ ஒரு பெண் வந்து நிற்கும்போது, முகாம் போட்டுப் பொருத்திவிட்டுப் போன குழு எங்கே இருக்கும்?

இந்தத் துறையின் அலகு சி.ஒய்.பி., அதாவது ஒரு தம்பதிக்கு ஓராண்டுப் பாதுகாப்பு. யூஎஸ்எய்ட் 2011ல் திருத்திய அட்டவணைப்படி 120 ஆணுறை சேர்ந்தால் 1. ஜேடெல் இம்ப்ளாண்ட் ஒன்றே 3.8. அது ஐந்து வருஷம் வேலை செய்யும் சாதனம். சீக்கிரம் எடுத்துவிடுபவர்களையும் சேர்த்துச் சராசரி போட்டதால்தான் 3.8. ஆக, சிலர் முன்னாடியே எடுப்பாங்கன்னு கணக்குக்கே தெரியும். ஆனால் எடுத்துவிடும் நர்ஸின் வேலைக்கு அதில் மதிப்பு பூஜ்யம். (இன்ஸ்டால் எண்ணிக்கையைக் காட்டி பிரமோஷன் வாங்கும் தொழிலில் இருக்கிறேன், இந்தத் தந்திரம் எனக்கு நல்லாவே புரியும்.)

புதுச் சிக்கலும் இல்லை. முந்தைய தலைமுறை நார்பிளாண்ட்டில் ஆறு குச்சி. எடுக்கச் சொல்லிக் கேட்ட பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற புகார் இந்தோனேசியாவிலும் வங்கதேசத்திலும் அப்போதே எழுந்தது.

எடுக்கவும் பயிற்சி கொடுத்தோமே என்பார்கள். கொடுத்தார்கள்தான். ஆனால் பயிற்சி நாளில் பொருத்திக்கொள்ள வரிசை நிற்கும். எடுக்க வேண்டியவர் வருஷம் கழித்துத்தான் வருவார். அதற்குள் அந்த நர்ஸுக்கு மாற்றல் ஆகியிருக்கலாம்.

8.50 டாலர் ஒப்பந்தம் போட்ட அன்றைக்கே அந்த இரண்டாவது வருகைக்கான கூலியையும் எழுதியிருக்கணும். எடுத்துவிட்டதையும் மாத அறிக்கையில் ஒரு எண்ணாகக் கேட்டிருக்கணும்.